கடலைக் கடக்கும் கணக்கு: போர்ப் பலகை ஆட்டத்தில் துருப்புக் கப்பல்களைப் பயன்படுத்தும் முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கடற்கரை கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஓசூரிலும் தருமபுரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, இரண்டாம் உலகப் போரைப் பலகையில் நடத்தும் ‘ஆக்சிஸ் அண்ட் அல்லைஸ்’ ஆட்டத்தை ஆடுபவர்களில் பலர், நிலப்பகுதிகளில் டாங்கிகளை அடுக்குவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடக் கடலில் காட்டுவதில்லை. துருப்புக் கப்பலை ஏதோ ஒரு படையை எங்கோ ஓரிடத்தில் ஒருமுறை கொண்டுபோய் இறக்குவதற்கான வாடகை வண்டியாகவே கருதுகிறார்கள். ஒரு துருப்புக் கப்பலின் பெறுமதி, அது எத்தனை சுற்றுகள் ஓயாமல் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. ஆகவே கப்பலை வாங்குமுன் அதன் போக்குவரத்தை வரைந்துகொள்ளும் முறையை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

படையைக் காட்டிலும் அதைச் சுமக்கும் ஏற்பாடே போரை முடிவு செய்யும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1791 மே மாதம் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே வரை சென்றுவிட்ட கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி காரன்வாலிஸ், உணவும் இழுவை மாடுகளும் இல்லாமற்போனதால் பெரும் பீரங்கிகளைத் தாமே சிதைத்துவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. அதன் பிறகு கும்பினிப் படை முதலில் கைப்பற்றிய இடங்களுள் ஓசூரும் இராயக்கோட்டையும் அடங்கும். கீழிருந்து பாராமகால் வழியாகத் தளவாடங்கள் தடையின்றி மேலேறி வருவதற்கு அந்தக் கணவாய்ப் பாதை வேண்டியிருந்தது. மறு ஆண்டு அதே படை மீண்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபோது முடிவு வேறாக இருந்தது.

பழைய பதிப்பு என்று குறித்தவை தவிர, இங்கே தரப்படும் எண்கள் அனைத்தும் இந்த ஆட்டத்தின் ‘1942’ வடிவத்தின் இரண்டாம் பதிப்பைச் சார்ந்தவை.

படி 1: எந்தப் பதிப்பின் விதி என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

மேசையில் எழும் சச்சரவுகளில் கணிசமானவை, பழைய பதிப்பில் பழகியவரும் புதிய பதிப்பில் பழகியவரும் ஒரே மேசையில் உட்காருவதால் எழுபவை. 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் துருப்புக் கப்பலின் விலை 8 ஐபிசி (ஆட்டத்தில் காய்களை வாங்கும் பண அலகு). தற்காப்பில் பகடையில் 1 விழுந்தால் அது ஓர் எதிரியை வீழ்த்தும். அதைவிட முக்கியமாக, விலையுயர்ந்த போர்க்கப்பல்களைக் காப்பதற்காகத் துருப்புக் கப்பலை முதலில் பலிகொடுக்கலாம். 2008இல் வந்த ஆண்டு நிறைவுப் பதிப்பிலிருந்து இது தலைகீழாக மாறியது. இப்போது விலை 7. தாக்குதலும் இல்லை, தற்காப்பும் இல்லை. அடிபட்ட காய்களைப் பலகையிலிருந்து எடுக்கும்போது மற்ற கப்பல்கள் அனைத்தும் போன பிறகே துருப்புக் கப்பலை எடுக்க வேண்டும். துணையின்றி நிற்கும் துருப்புக் கப்பல்கள் ஐந்தாக இருந்தாலும் பத்தாக இருந்தாலும், வந்து சேரும் ஒரே ஒரு போர் விமானத்துக்கு அவை அனைத்தும் இரையாகும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாக நினைவில் கொள்ளலாம். ஒரு கப்பல் ஒரு முறைக்கு (ஒரு நாடு ஆடும் ஒரு தடவைக்கு) இரண்டு கடல் மண்டலங்கள் நகரும். ஏதேனும் ஒரு நிலப்படைக் காயையும், அதனுடன் ஒரு காலாட்படைக் காயையும் ஏற்றும். இரண்டு டாங்கிகளையோ இரண்டு பீரங்கிகளையோ ஏற்றாது. ஓரிடத்தில் ஏற்றி, ஒரு மண்டலம் நகர்ந்து, அங்கே இன்னொன்றை ஏற்றி, மேலும் ஒரு மண்டலம் நகர்ந்து இறக்கலாம். ஆனால் இறக்கிய பிறகு அந்த முறையில் அது அசையக் கூடாது. ஒரே நிலப்பகுதியில்தான் இறக்கவும் வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் நிலப்படையின் முழு நகர்வாகக் கொள்ளப்படுவதால், டாங்கி ஒரு நிலப்பகுதி ஓடிவந்து அதே முறையில் கப்பலேற முடியாது.

படி 2: தூரத்தை வைத்துக் கப்பல்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியே முழு வழிகாட்டியின் உயிர்நாடி என்பதால் இங்குச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஏற்றும் மண்டலத்துக்கும் இறக்கும் மண்டலத்துக்கும் இடையிலான தூரத்தை நகர்வுகளால் எண்ணுங்கள். தூரம் 1 என்றால், கப்பல் முறையின் தொடக்கத்தில் எதிர்க்கரையில் நின்றாலும், ஒரு நகர்வில் திரும்பி வந்து, ஏற்றி, மறு நகர்வில் சென்று இறக்கிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் இரண்டு காய்கள் கரை சேரும். தூரம் 2 என்றால், ஒரு முறை முழுவதும் திரும்பி வருவதிலேயே கழிந்து, அடுத்த முறையில்தான் இறக்க இயலும். அதாவது இரண்டு முறைக்கு ஒருதடவை. தூரம் 3 என்றால் மூன்று முறைக்கு ஒருதடவை. தூரம் எத்தனையோ அத்தனை முறைகள் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. ஏற்றும் நிலமும் இறக்கும் நிலமும் ஒரே கடல் மண்டலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், கப்பல் அசையாமலே பாலம்போல் நின்று ஒவ்வொரு முறையும் கடத்திவிடும். பலகையில் இப்படிப்பட்ட மண்டலங்களை ஆட்டம் தொடங்குமுன்பே தேடிக் குறித்துக்கொள்வது நல்லது.

ஒகேனக்கல்லில் ஆற்றோட்டத்தோடு கீழே இறங்கிய பரிசலை ஓட்டுபவர் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து மீண்டும் மேலே நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: பயணி செலுத்தும் கூலியில் அந்த வெறும் நடையும் அடங்கியிருக்கிறது. கப்பல் வெறுமையாகத் திரும்பும் நகர்வுகளுக்கும் நீங்கள் அந்த 7 ஐபிசியிலிருந்தே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதிலிருந்து வாங்க வேண்டிய எண்ணிக்கை தானே கிடைக்கும். ஒவ்வொரு முறையும் எத்தனை காய்கள் கரை சேர வேண்டுமோ அதைப் பாதியாக்கி, தூரத்தால் பெருக்குங்கள். முறைக்கு எட்டுக் காய்கள், தூரம் 1 என்றால் நான்கு கப்பல்கள் போதும். அதே எட்டுக் காய்கள், தூரம் 2 என்றால் எட்டுக் கப்பல்கள் வேண்டும். அவற்றை நான்கு நான்காக இரு அணிகளாக்கி, ஓர் அணி இறக்கும்போது மறு அணி ஏற்றிக்கொண்டிருக்குமாறு ஓட்ட வேண்டும். இரண்டு அணிகள் என்றால் காவலும் இரண்டு மண்டலங்களுக்கு வேண்டும் என்பதை மறக்கலாகாது. தூரத்தை ஒன்று குறைப்பது நான்கு கப்பல்களின் விலையான 28 ஐபிசியையும் ஒரு காவல் அணியையும் மிச்சப்படுத்தும். அமெரிக்க ஆட்டக்காரர்கள் கிழக்கு அமெரிக்காவில் திரட்டிய படையை நிலவழியாகக் கிழக்குக் கனடாவுக்கு நடத்திச் சென்று அங்கிருந்து ஏற்றுவதற்கு இதுவே காரணம். காலாட்படை நடப்பதற்குக் காசு செலவாவதில்லை. அந்தப் படை ஒரு முறை தாமதமாகும் என்றாலும், சங்கிலி ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

புதிதாக வாங்கும் காய்கள் முறையின் இறுதியில்தான் பலகைக்கு வருகின்றன என்பதால், இன்று வாங்கும் படைக்கு அடுத்த முறையில் கப்பல் இருக்கிறதா என்பதைக் கொள்முதலின்போதே பார்க்க வேண்டும். கப்பல் இல்லாமல் கரையில் குவியும் படையும், படை இல்லாமல் நங்கூரமிட்டிருக்கும் கப்பலும் ஒரே பிழையின் இரு முகங்கள். எங்கள் பக்கத்து மேசைகளில் அமெரிக்காவை ஆடுபவர்களிடம் முதலாவது பிழையையும், ஜப்பானை ஆடுபவர்களிடம் இரண்டாவதையும் அடிக்கடி பார்க்க முடிகிறது.

படி 3: தொழிற்சாலையா, கப்பலா என்று ஒப்பிடுங்கள்

ஒரு தொழிற்சாலையின் விலை 15. அது இருக்கும் நிலப்பகுதியின் மதிப்பு 3 என்றால் முறைக்கு மூன்று காய்களே அங்கு உருவாகும். இரண்டு துருப்புக் கப்பல்களின் விலை 14. தூரம் 1 என்றால் அவை முறைக்கு நான்கு காய்களைக் கொண்டுவரும், தேவைப்பட்டால் மறு முறை வேறு கரைக்கும் திரும்பும். ஜப்பானிலிருந்து அருகிலுள்ள ஆசியக் கரைக்கு நெருங்கிய தூரமே என்பதால் முதல் சில சுற்றுகளில் கப்பல்களே சிறந்தவை என்பது என் கருத்து. போர்முனை கண்டத்தின் உட்பகுதிக்கு நகர்ந்த பிறகு, கரையில் இறங்கும் காலாட்படை முனைக்குச் சேரவே பல முறைகள் ஆகும். அப்போது தொழிற்சாலை முந்திக்கொள்ளும். எதிரி பிடித்தால் தொழிற்சாலை அவனுக்கு உழைக்கத் தொடங்கும் என்பதையும் தட்டில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

படி 4: எதை ஏற்றுவது

ஒரு காலாட்படையும் ஒரு பீரங்கியும் சேர்ந்து 7 ஐபிசி. பீரங்கியின் துணையால் காலாட்படையின் தாக்குதல் எண் (பகடையில் அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் ஓர் அடி) 1இலிருந்து 2ஆக உயர்வதால் இந்த இணையின் மொத்தத் தாக்குதல் 4, தற்காப்பும் 4. காலாட்படையும் டாங்கியும் 9 ஐபிசி. தாக்குதல் அதே 4, தற்காப்பு 5. ஆகவே கரையிலேயே நின்று சண்டையிடப் போகும் படைக்குப் பீரங்கி இணையே மலிவானது. இறங்கிய அடுத்த முறையில் இரண்டு நிலப்பகுதிகள் பாய வேண்டியிருந்தால் மட்டும் டாங்கிக்குக் கூடுதலாக 2 ஐபிசி கொடுங்கள். இரண்டு காலாட்படைகள் 6 ஐபிசிக்குத் தற்காப்பு 4 தருகின்றன. ஏற்கெனவே பிடித்த கரையை நிரப்புவதற்கு இவை ஏற்றவை. கப்பலில் ஒரு இடத்தை வெறுமையாக விட்டு அனுப்புவதைப் போன்ற வீண்செலவு இந்த ஆட்டத்தில் வேறில்லை.

படி 5: காவலைக் கணக்கிடுங்கள்

கப்பல்களை நிறுத்த எண்ணும் மண்டலத்தில் விரலை வைத்து, அங்கு வந்து தாக்கக்கூடிய எதிரிக் காய்கள் ஒவ்வொன்றையும் எண்ணுங்கள். எதிரிப் போர்க்கப்பல்கள் இரண்டு மண்டலங்களுக்குள் இருந்தால் எட்டும். போர் விமானத்தின் வீச்சு 4, குண்டுவீச்சு விமானத்தின் வீச்சு 6. ஆனால் தாக்கிய பிறகு இறங்க இடம் வேண்டும் என்பதால், வருவதற்கு மூன்று நகர்வுகளைச் செலவழித்த போர் விமானத்துக்கு எஞ்சிய ஒரே நகர்வில் தரையோ விமானந்தாங்கியோ இருந்தாக வேண்டும். அவ்விமானத்தால் வர முடியும், திரும்ப முடியாது என்றால் அதை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. எதிரியிடம் மூன்று போர் விமானங்களும் ஒரு குண்டுவீச்சு விமானமும் எட்டும் தூரத்தில் உள்ளன என்று கொள்வோம். அவற்றின் தாக்குதல் கூட்டுத்தொகை 13. ஆறால் வகுத்தால் முதல் வீச்சில் இரண்டுக்குச் சற்று மேலான அடிகள். உங்களிடம் நான்கு துருப்புக் கப்பல்களும் இரண்டு நாசகாரிகளும் (டெஸ்ட்ராயர்) இருந்தால், உங்கள் தற்காப்புக் கூட்டுத்தொகை வெறும் 4. நாசகாரிகள் இரண்டும் முதல் வீச்சிலேயே போய்விட வாய்ப்பு மிகுதி. அதன்பின் துருப்புக் கப்பல்களும் மொத்தமாகப் போகும். நீங்கள் இழப்பது 44 ஐபிசி. எதிரி இழப்பது பெரும்பாலும் ஒரு விமானம். இதே அணியுடன் இரண்டு போர் விமானங்கள் ஏறிய ஒரு விமானந்தாங்கியும் இருந்தால் தற்காப்பு 14ஆக உயரும். ஐந்து அடிகளைத் தாங்கிய பிறகுதான் துருப்புக் கப்பல்களுக்கு ஆபத்து வரும். எதிரியோ முதல் வீச்சிலேயே இரண்டு விமானங்களை இழக்க நேரிடும். நிதானமான எதிரி இப்படிப்பட்ட மண்டலத்தை நெருங்க மாட்டான். கையில் ஏற்கெனவே விமானங்கள் இருந்தால் இந்த மாற்றத்துக்கான செலவு தாங்கியின் விலையான 14 மட்டுமே என்பதால், 20 ஐபிசிக்கு ஒரு பேட்டில்ஷிப்பை (பெரும் போர்க்கப்பலை) வாங்கி அழகு பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

நாசகாரி ஒன்றாவது அணியில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் உங்கள் விமானங்களால் நீர்மூழ்கிகளைத் தாக்க இயலாது.

காவல் போதாத அணிக்கு என்ன நேரும் என்பதை வரலாறு கடுமையாகவே காட்டியிருக்கிறது. 1942 ஜூலையில் சோவியத் துறைமுகங்களை நோக்கிச் சென்ற பிக்யூ 17 கப்பல் தொடரை, ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸ் வந்துவிடும் என்ற அச்சத்தால் சிதறிச் செல்லுமாறு பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ஆணையிட்டது. அத்தொடரின் வணிகக் கப்பல்களில் மொத்தம் 24 மூழ்கின; பெரும்பாலானவை காவல் நீங்கிய பிறகு. 1943 மார்ச்சில் ரபவுலிலிருந்து லாயே நோக்கி எட்டு நாசகாரிகளின் காவலில் சென்ற எட்டு ஜப்பானியத் துருப்புக் கப்பல்களையும் பிஸ்மார்க் கடலில் நேச நாட்டு விமானங்கள் முழுமையாக அழித்தன. நாசகாரிகளில் நான்கும் போயின. வான் காவல் போதாத இடத்தில் எட்டு நாசகாரிகளாலும் காக்க முடியவில்லை. ஆட்டத்தின் பகடைக் கணக்கும் ஏறத்தாழ இதையே சொல்கிறது.

படையை ஏற்றிய நிலையில் கடலில் முறையை முடிப்பது இழப்பை இரட்டிப்பாக்கும். 7 ஐபிசிக் கப்பலோடு 7 ஐபிசிச் சரக்கும் மூழ்கும். அடுத்த படியில் சொல்லப்படும் மிரட்டலுக்காகவன்றி இதைச் செய்யாதீர்கள்.

படி 6: இறக்காமலே எதிரியைக் கட்டிப்போடுங்கள்

பல கரைகளைத் தொடும் தூரத்தில் நிற்கும் நான்கு துருப்புக் கப்பல்கள், எட்டுக் காய்களை அவற்றில் எந்தக் கரையில் வேண்டுமானாலும் இறக்கலாம். எந்தக் கரை என்று தெரியாததால் எதிரி எல்லாக் கரைகளிலும் படை வைத்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆறு காலாட்படைகள் என்று வைத்தால், மூன்று கரைகளுக்கு 54 ஐபிசி அசையாமல் முடங்குகிறது. அந்தப் படை சோவியத் முனைக்குப் போகாது. பிரிட்டனை ஆடுபவர் நார்வேயையும் வடமேற்கு ஐரோப்பாவையும் ஒருசேர மிரட்டும் மண்டலத்தில் அணியை நிறுத்துவதன் பயன் இதுவே. 1944இல் நார்மண்டியில் தரையிறங்கிய பிறகும், கலே பகுதியில் இன்னொரு தரையிறக்கம் வரும் என்று நம்பவைத்த ஃபார்ட்டிட்யூட் ஏமாற்றுத் திட்டத்தால் ஜெர்மனியின் 15ஆம் படை அங்கேயே வாரக்கணக்கில் காத்திருந்தது.

ஆனால் இறக்கவே மாட்டார் என்று எதிரிக்குத் தெரிந்துவிட்ட நாளில் இந்த மிரட்டல் செத்துவிடும். காவல் குறைந்த கரையில் அவ்வப்போது இறங்கியே ஆக வேண்டும்.

படி 7: தரையிறக்கத்தை நடத்தும் முறை

கப்பலிலிருந்து இறங்கித் தாக்கும் படைக்குப் பின்வாங்கும் உரிமை கிடையாது. எனவே பகடை கைவிட்டாலும் தாங்கக்கூடிய தாக்குதலையே தொடங்க வேண்டும். கடல் மண்டலத்தில் எதிரி இல்லாவிட்டால் க்ரூசர்களும் பேட்டில்ஷிப்புகளும் கரையை ஒருமுறை சுடலாம். இறங்கும் காய் ஒன்றுக்குக் கப்பல் ஒன்று என்பது வரம்பு. மண்டலத்தில் கடற்போர் நடந்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். தேர்ந்த எதிரி 8 ஐபிசி நாசகாரி ஒன்றை உங்கள் வழியில் நிறுத்துவதற்கு இது ஒரு காரணம். அந்த ஒரு கப்பல் உங்கள் அணி அம்மண்டலத்தைக் கடந்து அப்பால் போவதையும் அந்த முறைக்குத் தடுத்துவிடும். இத்தகைய தடைக்கப்பலை முந்தைய முறையிலேயே விமானங்களை அனுப்பி ஒழித்துவிட்டு அணியை நகர்த்துவதே சிக்கனம்.

கரையைப் பிடிப்பது பாதி வேலை. எதிரியின் பதிலடி வரை அதில் நிற்பது மறுபாதி. பிடித்த நிலத்தில் உங்கள் விமானங்கள் அதே முறையில் இறங்க முடியாது. இங்குதான் முறைவரிசையின் சூட்சுமம் இருக்கிறது. சோவியத் ஒன்றியம், ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா என்ற வரிசையில், பிரிட்டன் ஒரு கரையைப் பிடித்தால், ஜெர்மனி மீண்டும் ஆடுவதற்குள் அமெரிக்காவின் முறை வந்துவிடும். அமெரிக்கா தன் காலாட்படையைத் தாக்குதலல்லாத நகர்வில் அங்கு இறக்கலாம், தன் போர் விமானங்களையும் தற்காப்புக்கு நிறுத்தலாம். தற்காப்பில் போர் விமானத்தின் எண் 4 என்பதால், இரண்டு விமானங்களும் எட்டுக் காலாட்படைகளும் சேர்ந்த கரையை மீட்பது ஜெர்மனிக்கு விலையுயர்ந்த வேலையாகிவிடும். இரு நாடுகளின் கப்பல் அணிகளும் ஒரே மண்டலத்தில் முறையை முடித்தால், தற்காப்பிலும் அவை சேர்ந்தே நிற்கும். எனவே பிரிட்டன் விமானந்தாங்கியையும், அமெரிக்கா நாசகாரிகளையும் வாங்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். கூட்டாளியின் படையை உங்கள் கப்பலில் ஏற்றவும் விதி இடமளிக்கிறது; ஆனால் அவர் தம் முறையில் ஏறி, நீங்கள் உங்கள் முறையில் ஓட்டி, அவர் மீண்டும் தம் முறையில் இறங்க ஒரு சுற்று முழுவதும் கழிவதால், அவசரத்துக்கன்றி இது உதவாது.

மத்தியதரைக் கடலில் ஜெர்மனி ஒரு பேட்டில்ஷிப்புடனும் ஒரு துருப்புக் கப்பலுடனும் ஆட்டத்தைத் தொடங்குகிறது. அந்த இணை உயிரோடிருக்கும்வரை ஒவ்வொரு முறையும் இரண்டு காய்களை ஒரு குண்டுவீச்சுடன் இறக்க முடியும் என்பதால், அதை அட்லாண்டிக் கனவுகளுக்காக வீணாக்காமல் வடஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் செலவிடுங்கள். சோவியத் ஒன்றியத்துக்குத் துருப்புக் கப்பல் வாங்கும் தேவை அநேகமாக வராது.

படி 8: வாங்குவதை நிறுத்த வேண்டிய இடம்

தொழிற்சாலை வெளியிடும் காய்களை முழுவதுமாகச் சுமக்கும் அளவுக்குக் கப்பல்கள் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம். அமெரிக்கா 42 ஐபிசியுடன் தொடங்குகிறது. காலாட்படையும் பீரங்கியுமாக வாங்கினால் ஆறு இணைகள், அதாவது தூரம் 1இல் ஆறு கப்பல்கள். வருமானம் முழுவதும் நிலப்படைக்கே போகும் சுற்றுகள் குறைவு என்பதால், நடைமுறையில் நான்கோ ஐந்தோ போதும். தூரம் 2 என்றால் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். போர்முனை நகர்ந்து பழைய பாதை பயனற்றுப்போனால், மிஞ்சிய கப்பல்களை அடுத்த முனைக்கு மாற்ற எத்தனை முறைகள் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு மாற்றுவதைக் காட்டிலும், மேற்கு அமெரிக்காவில் புதிதாக இரண்டு வாங்குவது பெரும்பாலும் விரைவாக முடியும். பழையவற்றைத் தடைக்கப்பலாக வழியில் நிறுத்தவும் எண்ண வேண்டாம். துருப்புக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் மட்டுமே உள்ள மண்டலத்தை எதிரி அணி பொருட்படுத்தாமல் கடந்து செல்லலாம் என்று விதி தெளிவாகவே கூறுகிறது. அவற்றைக் காவல் அணியின் நிழலிலேயே வைத்துக்கொண்டு, ஒரு தீவையோ ஆளில்லாத கரையையோ ஒரு காலாட்படையால் பிடிக்கும் சிறு வேலைகளுக்கு அனுப்பலாம்.